பொதிகையின் மருந்தறிவு யாருடையது?

மருந்தைப் பற்றியோ பயிரைப் பற்றியோ நடக்கும் ஆராய்ச்சி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், ஆய்வுக்கூடத்தில் என்றுதான் பலரும் சொல்வார்கள். வருமானம் குறைந்த நாடுகளில் அது பாதி உண்மைதான். ஆய்வுக்கூடத்துக்கு வெகுமுன்னரே காட்டில் ஒருவர் ஒரு செடியைக் காட்டியிருப்பார். வயலில் ஒருவர் ஒரு பிடி விதைநெல்லை அள்ளிக் கொடுத்திருப்பார். ஊரில் ஒரு தாய், யாரோ கொண்டுவந்த சொட்டு மருந்துக்காகத் தன் பிள்ளையின் வாயைத் திறந்து பிடித்திருப்பாள். இவர்களிடம் பெற்றுக்கொண்டவர்கள் இவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் என்ன? கொடுத்தவருக்கு அதைக் கொடுக்கும் உரிமை இருந்ததா? அறிவு விலைக்கு விற்கும் சரக்கா, தானமாகக் கொடுக்க வேண்டியதா, அல்லது இரண்டிலும் சேராததா? சட்டம் இந்தக் கேள்விகளுக்குச் சில விடைகளை எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இவை அடிப்படையில் அறம் பற்றிய கேள்விகள். இவற்றைப் பேசும்போது உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு ஒன்று, தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையில் நடந்தது.

பொதிகை, அகத்தியர்மலை, அகத்தியர்கூடம் என்று பல பெயரில் வழங்கும் அந்தச் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். அது கேரள, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்கிறது. கிழக்குச் சரிவில் ஊறும் ஆறு காரையாறு, பாபநாசம் வழியாக இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி வயல்களுக்குப் பாய்ந்து, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. சிவன் திருமணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடியதால் சாய்ந்த உலகைச் சமன்செய்ய அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்பதும், அவர் கமண்டல நீரே தாமிரபரணியானது என்பதும் புராணம். தமிழுக்கும் சித்த மருத்துவத்துக்கும் அவரையே ஆதிகுருவாகச் சொல்வது மரபு. பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இன்றும் மாணவர்கள் படிக்கும் பல நூல்கள் அகத்தியர் பெயரைத் தாங்கியவை. மலையும் அதைச் சுற்றிய காடும் 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

இந்த மலையின் இரு சரிவுகளிலும் வாழ்கிறவர்கள் காணிக்காரர்கள். பெரும்பகுதியினர் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் பாபநாசம் மலையில் இஞ்சிக்குழி, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, அகத்தியர் காணிக் குடியிருப்பு என்று சிறு சிறு குடியிருப்புகள். மரவள்ளியும் மிளகும் தேனும் அவர்கள் பிழைப்பு. அவர்களில் நோய் தீர்க்கிறவருக்குப் பிலாத்தி என்று பெயர். இரவில் அவர் கொக்கரை என்னும் இரும்புக்குழலின் அரம் போன்ற விளிம்பைக் கம்பியால் உரசி ஒலியெழுப்பியபடி சாற்றுப்பாட்டுப் பாடுவார். மலைத் தெய்வங்களையும் முன்னோரையும் அழைத்துப் பாடுவதும் பச்சிலை கொடுப்பதும் அவருக்கு ஒரே சடங்கின் இரு பகுதிகள். இலை வேறு, பாட்டு வேறு என்ற பிரிவினை வெளியிலிருந்து வந்தவர்கள் செய்தது.

1987 டிசம்பரில் அகில இந்திய ஒருங்கிணைந்த இனஉயிரியல் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த குழு ஒன்று, பி. புஷ்பாங்கதன் தலைமையில், காணி இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு இந்த மலையில் ஏறியது. ஆய்வாளர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்த இடங்களில் வழிகாட்டிகள் களைப்பே தெரியாமல் நின்றார்கள். போகிற போக்கில் அவர்கள் ஏதோ சிறு பழங்களைப் பறித்து மென்றுகொண்டிருந்தார்கள். கேட்டு வாங்கித் தின்ற ஆய்வாளர்களுக்கும் களைப்பு நீங்கியது போலிருந்தது. அது என்ன செடி என்று கேட்டபோது வழிகாட்டிகள் தயங்கினார்கள். தங்கள் இனத்துக்குள் காத்து வந்த செய்தியை வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வற்புறுத்திக் கேட்டபின் காட்டினார்கள். தரையோடு தரையாக நிழலில் வளரும் அந்தச் சிறு செடிக்குத்தான் ஆரோக்கியப்பச்சை என்று பெயர். தாவரவியலில் அது டிரைக்கோபஸ் செய்லானிக்கஸ் இனத்தின் திருவிதாங்கூர்த் துணையினம். காட்டிய இருவரின் பெயர்கள் குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி. இந்த வழக்கில் நன்றாக நடந்தவற்றில் ஒன்று, அவர்கள் பெயர் மறைக்கப்படாமல் பதிவானது. பச்சிலை காட்டியவர் பெயர் எங்கும் எழுதப்படாமலேயே போன மருந்துகள் எண்ணற்றவை.

அதன்பின் நடந்தது அறிவியலின் வேலை. அதைக் குறைத்துச் சொல்வது நியாயம் ஆகாது. காணிகள் தின்றது பழம். திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் சோதித்து, இலையிலும் பயனுள்ள பொருள்கள் உண்டு என்று கண்டது. செடியைக் கொல்லாமல் இலை பறிக்கலாம் என்பதால் அது காட்டுக்கும் நல்லது. அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றோடு அதைச் சேர்த்து உருவான மருந்துக்கு ஜீவனி என்று பெயர் வைத்தார்கள். செய்முறைக்குக் காப்புரிமை கோரினார்கள். பிறகு கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆயுர்வேத மருந்து நிறுவனம் ஒன்றுக்கு ஏழாண்டு உரிமம் கொடுத்தார்கள். உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் ராயல்டி 2 சதவீதம். வந்த பணத்தில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் தானாக முன்வந்து முடிவு செய்தது. உயிர்வளத்தின் பயனைப் பகிர வேண்டும் என்று சொல்லும் சட்டம் அப்போது இந்தியாவில் இல்லை. பணத்தைப் பெற்றுக்கொள்ளக் காணிகளுக்கென ஓர் அறக்கட்டளை 1997 நவம்பரில் பதிவாகி, 1999-இல் அதன் கணக்குக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போய்ச் சேர்ந்தது. பழங்குடி அறிவுக்கு ஓர் ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்துப் பங்கு கொடுத்தது உலக அளவிலேயே முதல் முறை என்று இதைப் பலரும் போற்றினார்கள்.

போற்றுதலுக்கு நடுவே எழுந்த முணுமுணுப்பில்தான் மெய்யியலுக்கு வேலை இருக்கிறது. 1995-இல், அதாவது அறக்கட்டளை பதிவாவதற்கு முன்பே, விதுரை, பெரிங்ஙம்மலை ஊராட்சிகளைச் சேர்ந்த பிலாத்திகள் ஒன்பது பேர் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். தங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்பதை ஏற்க முடியாது என்பது அதன் சாரம். பங்கு போதவில்லை என்று அவர்கள் சண்டை போடவில்லை. விற்கவே கூடாது என்றார்கள். வழிகாட்டியாகப் போன இளைஞர்களுக்கு அதைச் சொல்லும் அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. அறிவைக் காத்தவர்கள் பிலாத்திகள், காட்டியவர்கள் இளைஞர்கள், பணம் பெற்றது ஓர் ஊராட்சியை மையமாகக் கொண்ட அறக்கட்டளை. மூன்றும் ஒன்றல்ல என்பதை ஒப்பந்தம் எழுதியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

வேறு சிக்கல்களும் சேர்ந்தன. ஆரோக்கியப்பச்சை தன் காட்டு நிழலில் வளர்ந்தால்தான் மருந்துக் குணம் கொள்கிறது. காட்டுக்கோ சட்டப்படி வனத்துறையே அதிபதி. இலை பறிக்க அனுமதி தராமல் துறை இழுத்தடித்தது. செடியை வேரோடு பிடுங்கிக் கடத்தும் வெளியாரைக் கண்டு துறை அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. அமெரிக்காவில் ஜீவனி என்ற பெயரையே வேறொரு நிறுவனம் தன் வணிகக்குறியாகப் பதிந்துகொண்டது. திருநெல்வேலி வாசகர் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருந்தது. அதே மொழி பேசி, அதே தெய்வங்களைக் கும்பிட்டு, அதே செடியை அறிந்த இஞ்சிக்குழிக் காணிகள் தண்ணீர் கிழக்கே ஓடும் பக்கத்தில் வாழ்ந்ததால் கணக்கில் வரவில்லை. மாநில எல்லை மலைமுகட்டில் ஓடுகிறது. மருந்தறிவு அந்த எல்லையைப் பார்த்து உருவானதல்ல.

அறிவு யாருடையது என்பதற்கு மூன்று விடைகள் சொல்லப்படுகின்றன. அது உடைமை என்பது முதலாவது. காணிகள் கண்டுபிடித்தார்கள், ஆகவே அது அவர்கள் சொத்து. வேண்டுமானால் நல்ல விலைக்கு விற்கலாம். ஏமாற்றுகிறவனுக்கு எதிராக இது வலுவான வாதம். ஆனால் சொத்து என்று சொன்னதும் சொந்தக்காரன் யார், பங்காளி யார், விற்பனைக்குக் கையெழுத்துப் போடுகிறவன் யார் என்று கேட்டாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக, பேர் தெரியாத பலர் தின்று பார்த்தும் சிலர் நோய்ப்பட்டும் சேர்ந்த அறிவுக்கு அப்படி ஒரு பத்திரம் எழுத முடியாது. பிலாத்திகள் கடிதம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது விடை, அறிவு மனிதகுலத்தின் பொதுச்சொத்து, ஆகவே கைம்மாறு கேட்காமல் கொடுப்பதே அறம் என்பது. இதற்கு நம் மரபில் ஆதாரம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மனிதன் பிறக்கும்போதே தேவர்க்கும் ரிஷிகளுக்கும் முன்னோர்க்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்றும், ரிஷிகளின் கடன் கற்பதாலும் கற்பிப்பதாலும் தீரும் என்றும் வைதிக மரபு சொல்லும். கடன் கொடுத்தவருக்கே திரும்பப் போகாமல் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரமும் மழைக்கு யாரும் கைம்மாறு செய்வதில்லை என்பதை நினைவூட்டுகிறது. உயர்ந்தவன் செல்வத்தை, எல்லா உறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரத்தோடு ஒப்பிடுகிறது. ஆராய்ச்சிக் கூட்டங்களில், பாரம்பரிய அறிவு எல்லோருக்கும் பொது என்று முழங்குகிறவர்களுக்கு இது வாய்ப்பான மேற்கோள். ஆனால் அந்த அதிகாரம் யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். வள்ளுவர் பேசுவது கையில் செல்வம் உள்ளவனிடம். ஊருக்கு உதவ வேண்டிய கடமையை அவன் மேல்தான் அவர் வைக்கிறார். மரவள்ளிக்கிழங்கு விற்றுப் பிழைக்கிறவன் தன்னிடமுள்ள ஒரே அரிய பொருளை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதற்கு அதைச் சான்றாக்குவது குறளைத் தலைகீழாகப் படிப்பது.

மூன்றாவது விடை இந்த ஆற்றங்கரையின் மூன்று சமயங்களிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் கிடைக்கிறது. கோயில் நிலம் சுவாமியின் பெயரில் இருக்கும். தர்மகர்த்தா அதை நிர்வகிக்கலாம், விளைச்சலைக் கோயிலுக்கும் அடியாருக்கும் செலவிடலாம், தன் சொத்தாக்கிக்கொள்ள முடியாது. மேலப்பாளையத்தில் வக்ஃபு நிலத்துக்கும் அதே நியாயம்: உரிமை இறைவனுடையது, பயன் மக்களுடையது, விற்பனைக்கு இடமில்லை. பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் தமிழ் விவிலியம் உக்கிராணக்காரன் என்று ஒருவனைச் சொல்கிறது. எஜமானின் பொருளைப் பொறுப்பாகக் காத்துக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் அவன். மூவரும் பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள், ஆனால் சொந்தக்காரர்கள் அல்லர். அவர்களுக்கு அதிகாரம் உண்டு; அந்த அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. பிலாத்தி தன் அறிவை இப்படித்தான் பார்க்கிறார். மருந்து மலையுடையது, முன்னோருடையது, அவர் காவலர். காவலர் என்பதால் தர மறுக்கலாம், நிபந்தனையோடு தரலாம், விற்க முடியாது.

நிபந்தனையோடு கொடுப்பது என்பதைச் சித்த மருத்துவம் நன்றாகவே அறியும். சித்தர் நூல்களில் பலவும் பரிபாஷையில் எழுதப்பட்டவை. ஒரு சரக்கின் பெயர் வேறொன்றைக் குறிக்கும். குரு வாயால் விளக்காமல் பாட்டு புரியாது. பணத்தாசை பிடித்தவன் கையில் மருந்து போய்ச் சேரக்கூடாது என்பதே மரபில் இதற்குச் சொல்லும் காரணம். (மறைத்து மறைத்தே நூல்கள் பல அழிந்தன என்ற புகாரும் பழையது, அதிலும் நியாயம் உண்டு.) மூலிகை பறிக்கப் போகும் வைத்தியர், செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, தூபம் காட்டி, சாபநிவர்த்தி மந்திரம் சொல்லி, பிறகே கைவைக்க வேண்டும் என்று விதி. நோயாளியின் உயிரைக் காக்கத்தான் எடுக்கிறேன், பொறுத்துக்கொள் என்று செடியிடம் சொல்வதாக அதற்குப் பொருள். இன்று இதை எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு கேள்வி. எடுப்பதற்கு முன் எடுக்கும் நோக்கத்தைச் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்ற கருத்து இந்த மலைக்குப் புதிதல்ல என்பதே இங்கே முக்கியம். சோழ, பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் வைத்தியக்காணி, மருத்துவப்பேறு ஆகியவையும் இதே எண்ணத்தின் வேறு முகம். மருந்துக்கு விலை கொடுப்பதற்குப் பதில், மருத்துவரின் குடும்பம் தலைமுறைக்கும் தொழிலை விடாதிருக்க ஊர் நிலம் கொடுத்தது.

இந்த மூன்றாவது விடையே சரியானது. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. அறிவு இறைவனுடையது, நீ காவலன் மட்டுமே என்று காணியிடம் சொல்லிவிட்டு, ஆய்வு நிறுவனம் காப்புரிமை கேட்டால், கம்பெனி வணிகக்குறி பதிந்தால், அரசு காட்டுக்குப் பூட்டுப் போட்டால், அது அறமல்ல, மோசடி. கைமாறும் பொருள் ஒரே பொருள்தான். முதல் கையில் அது தர்மமாகவும் மூன்றாம் கையில் சரக்காகவும் இருக்க முடியாது. காவலனிடமிருந்து பெற்றவனும் காவலனாகவே பெறுகிறான். அந்த நிபந்தனைகள் பொருளோடு சேர்ந்தே போக வேண்டும். ஒருவேளை வழியில் யாராவது ஒருவர் அதைச் சொத்தாக மாற்றிவிட்டால், அந்தக் கணம் முதல் பிறருக்கும் சொத்துரிமை பேசும் நியாயம் வந்துவிடுகிறது. அந்த வகையில் பார்த்தால் 1990-களில் காணிகளுக்குக் கிடைத்த பாதிப் பங்கு சரியான செயலே. குறை பங்கில் இல்லை. பங்கு போடுவதற்கு முன் பிலாத்திகளை உட்காரவைத்து, கொடுக்கலாமா, எந்த நிபந்தனையில் கொடுக்கலாம் என்று கேட்காததில் இருக்கிறது.

உலகச் சட்டங்கள் முதல் விடைக்கும் இரண்டாவது விடைக்கும் நடுவே ஊசலாடியிருக்கின்றன. 1983-இல் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் உடன்பாடு தாவர மரபுவளம் மனிதகுலத்தின் பொதுப் பாரம்பரியம் என்றது. 1992-இல் ரியோவில் கையெழுத்துக்கு வந்த உயிரியல் பன்மய ஒப்பந்தம் அதை மாற்றி, அந்தந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்றது. எல்லோருக்கும் என்பதிலிருந்து அரசுக்கு என்று மாறியது. நடுவில் இருந்த காணிக்குடி இரண்டு முறையும் விடுபட்டுப்போனது. பழங்குடிகளின் இசைவும் பங்கும் 2010 நகோயா நெறிமுறையில்தான் தெளிவாக இடம்பெற்றன. இந்தியா 2002-இல் உயிரியல் பன்மயச் சட்டம் இயற்றியது. 2023 திருத்தம் ஏடுகளில் தொகுக்கப்பட்ட பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்கு அளிக்கிறது. அதாவது அகத்தியர் பெயரில் அச்சான நூலில் உள்ள மூலிகைக்கு ஒரு விதி, அகத்தியர் மலையில் வாய்மொழியாக வாழும் மூலிகைக்கு வேறு விதி. சித்த மருத்துவர்களின் அன்றாடத் தொழிலை வழக்குகளிலிருந்து காப்பது தேவைதான். ஆனால் நூலில் ஏறிய அறிவும் ஒரு காலத்தில் யாரோ ஒரு மலைவாசி சொன்னதாக இருக்கலாம். எழுத்தாணி கையில் இருந்தவர் எழுதினார் என்பதாலேயே கடன் தீர்ந்துவிடாது.

மலையிலிருந்து வயலுக்கு இறங்கினால் கேள்வி அதுவே, ஆனால் சூடு குறைவு. அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் முதலில் வட்டார நெல் வகைகளிலிருந்து நல்ல கதிர்களைத் தேர்ந்து பெருக்கியது. பின்னாளில் ஒட்டுச்சேர்க்கை வந்தது. ஏ.டி.டி. 31, கோ 39 ஆகியவற்றைச் சேர்த்து 1986-இல் வெளியான ஏ.எஸ்.டி. 16, கார் பருவத்திலும் பிசானத்திலும் இந்த ஆற்றுப்பாசனம் முழுவதும் பரவியது. நெல்லின் பெயரில் அம்பாசமுத்திரம் நிற்கிறது. மூலவிதையைக் காத்த உழவர்கள் பெயர் நிற்கவில்லை. ஆயினும் இங்கே மனக்கசப்பு பெரிதாக எழவில்லை. காரணம் எளியது. நெல் அரசு நிலையத்திலிருந்து வந்தது, யாரும் அதற்குப் பூட்டுப் போடவில்லை, ஒருவர் அறுத்ததில் அடுத்தவர் விதைக்கு வாங்கிப் போனார். எடுத்தது வேறு வடிவில் அதே வயலுக்குத் திரும்பியது. 2001-இல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைச் சேமிக்கவும் பரிமாறவும், முத்திரைப் பெயர் போடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் பாரம்பரிய விதை இரண்டு கிலோ இலவசமாகக் கிடைக்கும். அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இதுவும் விற்பனை அல்ல, தானமும் அல்ல. விதை பெருக வேண்டும் என்ற நிபந்தனையோடு கூடிய ஒப்படைப்பு. காவலர் அறம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஜீவனி ஒப்பந்தத்தைவிட இது நல்ல சான்று.

கடினமான கேள்வி உடம்பைக் கொடுத்தவர்களைப் பற்றியது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் மதுரையில் தொடங்கி, 1988-இல் திருநெல்வேலியில் கிளை திறந்தது. அதே காலத்தில் அதன் மருத்துவர்கள் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு வாரம்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வைட்டமின் ஈ மட்டும். 1990-இல் முடிவு வெளியானது: வைட்டமின் ஏ பெற்றவர்களிடையே இறப்பு 54 சதவீதம் குறைவு. கண்பார்வையைக் காக்கும் என்று மட்டும் கருதப்பட்ட சத்து உயிரையே காக்கிறது என்பதற்கு உலகம் பெற்ற முக்கியச் சான்றுகளில் இது ஒன்று. ஏழை நாடுகளின் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு இன்று கிடைக்கும் வைட்டமின் ஏ சொட்டுக்குப் பின்னால் இத்தகைய சோதனைகள் உள்ளன. அந்தச் சான்று எப்படிக் கிடைத்தது? இரு பிரிவுகளில் இறந்த குழந்தைகளை எண்ணிப் பார்த்ததால் கிடைத்தது. மருந்து பலன் தருமா என்பது அப்போது உண்மையாகவே தெரியாததால் ஒப்பீடு தவறல்ல என்பது ஆய்வு நெறியின் விடை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ கொடுக்கும் அரசுத் திட்டம் 1970 முதலே ஏட்டில் இருந்ததே என்பது மறுபக்கத்தின் கேள்வி. சோதனை நடந்திராவிட்டால் அதைவிட அதிகம் பேர் இறந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இரண்டாம் பிரிவில் பிள்ளையை இழந்த தாயைத் தியாகி என்று பாராட்டுவது பொருந்தாது. தெரிந்து, விரும்பிக் கொடுத்தால்தான் தியாகம். தெரியாதவரிடமிருந்து வந்ததற்குப் பாராட்டு ஈடாகாது, கடனே மிஞ்சுகிறது.

அந்தக் கடனைத் தனித்தனியாக எவருக்கும் அடைக்க முடியாது. சோதனைக்கு உட்பட்ட மக்களுக்கு அதன் பலன் கிடைக்க வேண்டும் என்று ஹெல்சிங்கி அறிவிக்கையின் பிற்காலத் திருத்தங்கள் சொல்வதும், ஆய்வுக்கு உட்பட்ட சமூகத்துக்குப் பலனில் பங்கு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்வதும் அடைக்கக்கூடிய அளவுக்கு அடைக்கும் முயற்சிகள். இவற்றைத் தர்மமாகக் காட்டிக்கொள்ளும் பழக்கம் ஆய்வு நிறுவனங்களுக்கு உண்டு. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவன் தன்னை வள்ளல் என்று சொல்லிக்கொள்வதை ஊர் ஒப்புக்கொள்ளாது.

ஆரோக்கியப்பச்சையின் மரபணுத்தொகுதி வரைவு 2019-இல் ஆய்விதழில் வெளிவந்தது. இனி அந்தச் செடியைப் படிக்க மலையேற வேண்டியதில்லை. காணி வழிகாட்டியும் வேண்டியதில்லை. எழுத்து வடிவில் கணினியில் கிடைக்கும் மரபுத் தகவலுக்கும் பயன்பகிர்வு உண்டா என்று உலக நாடுகள் பல ஆண்டுகள் வாதாடி, 2022 மான்ட்ரியல் மாநாட்டில் பொது நிதி ஒன்றுக்கு இசைந்தன. அதில் சேரும் பணம் இஞ்சிக்குழிவரை வருமா என்பது வேறு. அதைவிட அருகில் ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம், மூன்றாம் பிரிவில், உயிரியல் பன்மயம் சார்ந்த பாரம்பரிய அறிவின் மீது காட்டில் வாழும் சமூகத்துக்குக் கூட்டு உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த உரிமை அரசுக்கோ அறக்கட்டளைக்கோ வழிகாட்டியாகப் போகும் தனி ஆளுக்கோ உரியதல்ல. களக்காடு முண்டந்துறைக் காட்டில் இலையோ பட்டையோ அதைப் பற்றிய செய்தியோ தேடி வரும் ஆய்வாளர்கள் இன்று வனத்துறையின் அனுமதித் தாளோடு மலையேறுகிறார்கள். அந்தத் தாளுக்கு முன்பாகக் காணிக் குடியிருப்பின் கிராமசபையில், பிலாத்திகள் அமர்ந்திருக்க, எதற்காக எடுக்கிறோம், யாரிடம் கொடுப்போம், என்ன திரும்ப வரும் என்று சொல்லி இசைவு பெறுவதைப் பல்கலைக்கழகங்களும் பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரியும் தங்கள் ஆய்வு விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.